வடாலா வந்தா எந்திரிக்கணும்

தூங்குற மாதிரி நடிக்க எனக்கு நல்லா வரும். தற்பெருமை இல்ல. அம்பத்திரண்டு வயசு மனுசனுக்கு ஏதாவது ஒண்ணாவது நல்லா வரணும்ல, எனக்கு இது வந்துச்சு. வாயை லேசா தொறந்து வெச்சுக்கணும். ரொம்பத் தொறந்தா குட்டு வெளிப்பட்டுரும். தலை பக்கத்துக்காரன் தோளுக்கு ரெண்டு விரக்கடை முன்னாலயே நிக்கணும். மூச்சு ரொம்பச் சீரா வரக்கூடாது, நெசமாத் தூங்குறவனுக்கு மூச்சு அப்பப்ப தட்டுப்படும். இதெல்லாம் நான் படிச்சது ஹார்பர் லைன்ல, காலையில எட்டு அஞ்சு வண்டியில, பதினோரு வருசமா.

எதுக்குப் படிச்சேன்னு சொல்லிருதேன். வீடு செம்பூர், ஆபீஸ் மஸ்ஜித் பந்தர்ல. துறைமுகத்துல சரக்கு எடுக்குறதுக்குக் காயிதம் தயார் பண்ணுற ஆபீஸு. காலையில செம்பூர்ல ஏறினா ஒத்தக் காலு வைக்கத்தான் எடம் இருக்கும், மத்தக் காலு அடுத்த ஸ்டேஷன்லதான் உள்ள வரும். அதனால நான் எதிர்ப்பக்கம் போற வண்டியப் புடிச்சு, ரெண்டு ஸ்டேஷன் பின்னாடி மான்குர்த் போவேன். அங்கருந்து கெளம்புற வண்டியில சன்னல் சீட்டுல உக்காந்து, கெளம்பின எடத்தையே ஒரு தடவை பாத்துக்கிட்டு ஆபீஸ் போவேன். பம்பாய்ல இது சகஜம். சகஜம் இல்லாதது, தினமும் ஒரே பொட்டியில சேந்து போற எங்க செட்டோட சட்டம். மான்குர்த்ல உக்காந்தவன் வடாலா வரைக்கும்தான் உக்காரலாம். வடாலா வந்தா எந்திரிச்சு, அதுவரைக்கும் நின்னுக்கிட்டு வந்த தன் ஜோடிக்காரனுக்கு எடம் குடுக்கணும். ஒவ்வொரு சீட்டுக்கும் ரெண்டு பேரு.

என் ஜோடி ஒரு பாலக்காட்டு மாமா. எனக்கு ஆறு வயசு மூத்தவரு, ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருக்காரு. அவரும் செம்பூர்தான், ஆனா மான்குர்த் வரமாட்டாரு. "முன்னாடி போறதுக்குப் பின்னாடி போணுமா? அதைவிட நின்னுண்டே போலாம்"னு ஒரு கொள்கை. அதனால செம்பூர்ல ஏறி, என் முட்டியை முட்டிக்கிட்டு, மேல இருக்குற கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. நான் சுனாபட்டி தாண்டினதும் கண்ண மூடிருவேன்.

"டேய், நீ தூங்கலேன்னு நேக்குத் தெரியும். நான் நிக்கறேன்னு நோக்குத் தெரியும். இதுல யாருக்குடா நாடகம்?"

நான் மூச்சைக் கொஞ்சம் தட்டுப்பட விடுவேன். கடைசியில எதிர் சீட்டுல இருக்குற பாய்தான் என் காலை மிதிச்சு எழுப்பி விடுவாரு. பாய் காயல்பட்டணத்துப் பக்கம். மான்குர்த்ல வீடு, குர்லாவுல தோல் பை தைக்கிற பட்டறை, மஸ்ஜித் பந்தர்ல கடை. "எந்திரியும்வே, வடாலா வந்துட்டு. மையத்து மாதிரில்லா கெடக்கீரு"ம்பாரு. நான் திடுக்குன்னு முழிச்சு, "அதுக்குள்ள வந்துட்டா?"ன்னு கேப்பேன். தினமும் கேப்பேன்.

இப்படி ஒரு நாள் நான் மும்முரமாத் தூங்கிட்டிருக்கையில, வண்டி ஒரு ஆட்டம் ஆடுச்சு. மாமா புடிமானத்துக்கு என் கழுத்தைப் புடிச்சுட்டாரு.

"டேய், உன் கழுத்துல என்னவோ உருள்றதே?"

என்னை எழுப்புறதுக்கு மனுசன் புது வழி கண்டுபுடிச்சிருக்காருன்னு நெனச்சு, நான் கண்ணைத் தொறக்கலை. அடுத்த வாரம் சவரம் பண்ணும்போது நானே தொட்டுப் பாத்தேன். உருண்டுச்சு. வலியே இல்ல, அதான் சங்கடம். வலிச்சிருந்தா முந்தியே ஊரைக் கூட்டியிருப்பேன்.

டெஸ்ட்டு, ஊசி குத்திச் சதை எடுக்குறது, ஸ்கேன் எல்லாம் முடிஞ்சு டாக்டரம்மா பேரைச் சொன்னாங்க. மேண்டில் செல் லிம்ஃபோமா. நெணநீர்க் கட்டியில வர்ற புற்றுநோய், அதுலயும் அபூர்வமா வர்ற வகையாம். என் வாழ்க்கையில அபூர்வம்னு யாரும் என்னை அதுவரைக்கும் சொன்னதில்ல. டாக்டரம்மா மராத்திக்காரங்க, பேசுறது ஹிந்தியில, சுத்தி வளைக்கத் தெரியாது. "போயிடும். ஆனா திரும்பி வரும். எப்பன்னு சொல்ல முடியாது. வந்தா வேற மருந்து இருக்கு"ன்னாங்க. நான் ரயில் செட்டுக்கு முதல் வார்த்தையை மட்டும் சொன்னேன். "போயிடுமாம்."

என் பொண்டாட்டி தாராவியில முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூல் டீச்சர். நானும் தாராவியில பொறந்து வளந்தவன்தான், ஆனா அவ க்ளாஸ் புள்ளைங்க மாதிரி கையைக் கட்டிக்கிட்டு ஒக்காருறதை கல்யாணத்துக்கு அப்புறந்தான் கத்துக்கிட்டேன். அவ அன்னைக்கே ஒரு நீலக் கலர் ஃபைல் வாங்கி, மேல என் பேரை எழுதி, உள்ள எல்லாத்தையும் தேதிவாரியாக் குத்தி வெச்சுட்டா. ஆஸ்பத்திரியில நம்பர் எடுக்கக் காலையில முத ஆளா நிப்பா. ஸ்கூல்ல சேத்து வெச்சிருந்த லீவு பூராவும் எனக்கே போச்சு.

ஆறு ரவுண்டு மருந்து, மாசத்துக்கு ஒண்ணு. முத ரவுண்டு ட்ரிப் ஏறும்போது எனக்கு ஒரு நடுக்கம் வந்துச்சு பாருங்க, கட்டிலு சக்கரத்தோட ரெண்டடி நகந்து போயிட்டுன்னு இன்னைக்கும் அவ சொல்லுவா. ஒரு அடிதான். முடி கொட்டுமான்னு கேட்டேன். இந்த மருந்துக்கு அவ்வளவாக் கொட்டாதுன்னு டாக்டரம்மா என் தலையைப் பாத்துட்டு, பேச்சை வேற பக்கம் மாத்திட்டாங்க. பணத்தைப் பத்தி நான் எழுதப் போறதில்ல, எழுதினா எனக்குச் சிரிப்பு வராது.

ஆறு மாசம் ரயில்ல போகக்கூடாதுன்னு உத்தரவு. அது முடிஞ்சு, கட்டி கரைஞ்சு, ரெண்டு மாசத்துக்கு ஒரு ஊசின்னு ரெண்டு வருசம் போடணும்னாங்க. அப்பத்தான் திரும்ப எட்டு அஞ்சுக்குப் போனேன். மாஸ்க் போட்டுக்கிட்டுப் போனேன், வாய் எவ்வளவு தொறக்கணும்ங்கிற கவலை விட்டுது. சன்னல் சீட்டுல பாய் தன் சாப்பாட்டுப் பையை வெச்சு எடம் புடிச்சிருந்தாரு.

"இது இனிமே பேஷண்ட் சீட்டுவே. வடாலா கிடாலா ஒண்ணும் கெடையாது. மஸ்ஜித் வரைக்கும் உக்காந்துட்டு வாரும்."

அப்ப மாமா? மாமா நின்னாரு. மத்தவங்கல்லாம் "என் சீட்டுல உக்காருங்க"ன்னு சொல்லிப் பாத்தாங்க. "என் சீட்டு அவன்கிட்ட இருக்கு. அவன் தரும்போது உக்காந்துக்கறேன்"னுட்டாரு. ரெண்டு வருசம் அந்த மனுசன் செம்பூர்ல இருந்து மஸ்ஜித் வரைக்கும் நின்னாரு, தினமும், முட்டி வலியோட. நான் சன்னல் வழியா சேவ்ரி கடலோரச் சேத்துல பூநாரைப் பட்சி வந்து எறங்கியிருக்கான்னு பாத்துக்கிட்டு வந்தேன்.

இப்ப ஒரு அசிங்கமான விசயம் சொல்லணும். கடைசி ஊசி முடிஞ்சப்ப நான் செட்டுல சொல்லலை. சொல்லணும்னுதான் நெனச்சேன். ஆனா அந்த சன்னல் காத்து இருக்கே. இன்னைக்கு வேண்டாம், திங்கக்கிழமை சொல்லலாம்னு நாலு மாசம் போச்சு. நடுநடுவுல "ஊசி போட்டது அசதியா இருக்கு"ன்னு ரெண்டு தடவை நெத்தியத் தடவி வேற காட்டினேன். கடைசியில செம்பூர் மார்க்கெட்ல முருங்கைக்கா பொறுக்கிக்கிட்டிருந்த மாமாவை என் பொண்டாட்டி பாத்துட்டா. "ஊசியெல்லாம் முடிஞ்சு நாலு மாசமாச்சே மாமா, இவிய சொல்லலியா?"ன்னு கேட்டிருக்கா.

மறுநாள் நான் ஏறி உக்காந்ததும், பாய் போனை எடுத்து மாமாகிட்ட "ஆளு ஏறியாச்சு"ன்னாரு. செம்பூர்ல மாமா ஏறி, என் முட்டியை முட்டிக்கிட்டு நின்னாரு. வடாலா வந்துச்சு. ரெண்டு பேரும் என்னையே பாத்தாங்க.

"எந்திரிடா கள்ளா"ன்னாரு மாமா.

தண்டனையா, தாராவியில என் அத்தை மவன் போடுற முறுக்கு அஞ்சு கிலோ வாங்கிட்டு வந்து பொட்டி முழுக்கக் குடுத்தேன். ரெண்டு வருசத்துக்கப்புறம் மாமா சன்னல்ல உக்காந்து முறுக்கு கடிச்சாரு. நான் நின்னேன். வீட்ல நீல ஃபைலு பரண் மேல ஏறுச்சு.

வீட்ல இன்னொண்ணும் நடந்துச்சு. என் பொண்டாட்டி கல்யாணமான நாள்ல இருந்து ஞாயித்துக்கெழமை மத்தியானம் மீன் கொழம்பு சாப்ட்டுட்டு, ஹால்ல பாயை விரிச்சுப் படுத்து, ஒரு மணி நேரம் கொறட்டை விடுவா. சாதாரணக் கொறட்டை இல்ல, மேல் வீட்டுக்காரங்க தண்ணி மோட்டார்னு நெனச்சு அணைக்க வந்திருக்காங்க. எனக்கு ஒடம்புக்கு வந்த நாள்ல இருந்து அந்தக் கொறட்டை நின்னு போச்சு. படுப்பா, ஆனா காது என் பக்கமே இருக்கும், நான் இருமினா "என்னங்க?"ன்னுருவா. ஃபைலு பரணுக்குப் போன மூணாவது ஞாயித்துக்கெழமை மோட்டார் திரும்ப ஓடுச்சு. எங்க மவ காலேஜ்ல படிக்கா, வீட்லயும் பாதி ஹிந்திதான் பேசுவா. ரூம்ல இருந்து வந்து எட்டிப் பாத்து, "மம்மி இஸ் பேக்"னு சொல்லிட்டுப் போனா.

ஒம்பது மாசம் ஓடுச்சு.

வடாலாவுக்கு அப்புறம் நிக்குறவன் கம்பியைப் புடிக்கணும்ல. ஒரு நாள் வலது கையைத் தூக்கிக் கம்பியைப் புடிச்சேன், அக்குளுக்குள்ள எலுமிச்சங்கொட்டையை வெச்சுத் தைச்ச மாதிரி ஏதோ இடிச்சுது. கையை எறக்கி, இன்னொரு கையால தொட்டேன். உருண்டுச்சு. வலியே இல்ல.

என்னைத் தொடர்ந்து உக்கார விட்டிருந்தா நான் கையையே தூக்கியிருக்க மாட்டேன், கட்டியும் இருந்திருக்காதுன்னு அன்னைக்கு மாமா மேல எனக்கு ஒரு நியாயமில்லாத கோவம் வந்துச்சு.

ஆபீஸ்ல ஆடிட்டுன்னு வீட்ல சொல்லிட்டு, தனியாப் போயி ஸ்கேன் எடுத்தேன். சதை எடுத்த எடத்துல ப்ளாஸ்திரி ஒட்டினதை மறைக்க அந்த வாரம் வீட்லயும் சட்டையைக் கழட்டலை. ஒரு திங்கக்கெழமை டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, கண்ணாடியைக் கழட்டினாங்க. அவங்க கண்ணாடியைக் கழட்டினா எனக்கு நல்லதில்லைன்னு தெரியும்.

"திரும்பி வந்திருக்கு. இந்தத் தடவை ட்ரிப் இல்ல, தினமும் கேப்ஸ்யூல். நல்லா வேலை செய்யிற மருந்துதான். ஆனா தள்ளிப் போடக்கூடாது, ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். வர்றப்ப மிசஸைக் கூட்டிட்டு வாங்க."

"நான் மட்டும் வந்தாப் போதாதா?"

"போன தடவை ரெண்டு நாள் ஜொரத்தை மறைச்சது யாரு? உங்க மிசஸ்கிட்ட சொல்லாம நான் மருந்து எழுத மாட்டேன்."

ஆக விசயம் ரொம்பச் சின்னது. வீட்ல சொல்லணும், சொன்னா மருந்து. ரெண்டு வாரம் டைம். நான் என்ன பண்ணினேன்? வீட்டுக்கு வந்தேன். அவ பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு, "ஆடிட் முடிஞ்சிட்டா?"ன்னு கேட்டா. "முடிஞ்சிட்டு"ன்னேன். அந்த ஞாயித்துக்கெழமை மத்தியானம் மோட்டார் ஓடுச்சு. நான் சோஃபாவுல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். நான் வாயைத் தொறந்தா இது நின்னுரும். எத்தனை வருசத்துக்குன்னு தெரியாது. அடுத்த வாரம் சொல்லலாம்னு விட்டுட்டேன்.

ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் ரெண்டு தடவை போன் பண்ணினாங்க. ரெண்டையும் கட் பண்ணினேன்.

ரயில்லயும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நெனச்சேன். பாய்க்குத் தெரிஞ்சா சன்னல் சீட்டுல பை வந்து உக்காந்துரும், மாமா திரும்ப நிப்பாரு. அதுக்கு நான் நல்லா திடகாத்திரமா இருக்கேன்னு காட்டணும். எப்படிக் காட்டுறது? தூங்காம இருந்தேன். வடாலா வந்ததும் நானா எந்திரிச்சேன். மாமா என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு உக்காந்தாரு. நல்லாத்தான் போவுதுன்னு நெனச்சு, மறுநாள் வடாலாவுக்கு முந்தின ஸ்டேஷன்லயே, ஜிடிபி நகர்லயே எந்திரிச்சேன். "உக்காருங்க மாமா, எனக்கு நிக்கணும் போல இருக்கு"ன்னேன். எந்த விசயத்துலயும் எனக்கு அளவு தெரியாது. பதினோராவது நாளு, வெள்ளிக்கெழமை, சுனாபட்டி வர்றதுக்குள்ளயே எந்திரிச்சு நின்னுட்டேன்.

மாமா உக்காரலை.

"உக்காருங்க மாமா."

"மாட்டேன்."

"ஏன்?"

"பதினோரு வருஷமா வடாலா வந்தா செத்தவன் மாதிரி கெடப்பே. உன்னை எழுப்பி எழுப்பி பாய்க்கு செருப்பே தேஞ்சுடுத்து. இப்போ சுனாபட்டியிலயே மரியாதை பண்றே. நீ நன்னா இருந்தா இப்படியெல்லாம் பண்ண மாட்டியே. என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. திருந்திட்டேன்."

"நீரா?"ன்னாரு பாய்.

நான் நின்னேன். மாமா நின்னாரு. நடுவுல சன்னல் சீட்டு காலியாக் கெடந்துச்சு. காலை எட்டரை மணிக்கு ஹார்பர் லைன்ல ஒரு சன்னல் சீட்டு காலியாக் கெடந்து யாராவது பாத்திருக்கியளா? நடுரோட்டுல பச்சைப் புள்ளை கெடக்குற மாதிரி எல்லாரும் அதையே பாத்தாங்க. ஜிடிபி நகர்ல ஏறின ஒருத்தன், கையில லாப்டாப் பை, கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு ஆசையா வந்து, "கோயி பைட்டா ஹை க்யா?"ன்னு கேட்டான்.

பாய் தன் சாப்பாட்டுப் பையைத் தூக்கி அந்த சீட்டுல வெச்சாரு. வெச்சுட்டு என்னைப் பாத்தாரு.

"நீரு சொல்லும்வே. ஆளு இருக்கா, இல்லியா?"

வடாலா வந்துச்சு, போச்சு. அதுக்கு மேல என்னால நிக்க முடியலை. நெசமாவே முடியலை, ஒரு வாரமா ரெண்டு இட்லியிலயே வயிறு நெறஞ்சு போயிருந்துச்சு. பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தேன்.

"திரும்ப வந்துட்டு"ன்னேன்.

லாப்டாப்காரன் என்னன்னு புரியாம, "ஓகே ஓகே"ன்னு சொல்லி வாசப்பக்கம் போயிட்டான்.

"ஆத்துல என்ன சொன்னா?"ன்னு மாமா கேட்டாரு.

"சொல்லலை."

"எப்போ சொன்னா டாக்டர்?"

"பதினோரு நாளாச்சு. வர்ற திங்கக்கெழமைக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும். அவளைக் கூட்டிட்டு வந்தாத்தான் எழுதுவேன்னுட்டாங்க."

"அடப்பாவி"ன்னாரு மாமா. ரொம்ப மெல்லச் சொன்னாரு. அதை விட அவரு கத்தியிருக்கலாம்.

கொறட்டை விசயத்தைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கிறுக்குத்தனமாத்தான் இருந்துச்சு. மாமா சிரிக்கலை. பாய்தான் கடைசியில பேசினாரு. "கொறட்டையைக் காப்பாத்தப் போயி ஆளைக் கோட்டை விடப் போறீராக்கும்? கேளும்வே. திங்கக்கெழமை நீரு இந்த வண்டியில வரக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போவணும். மான்குர்த்ல ஒம்ம மொகத்தைப் பாத்தேன்னு வெச்சுக்கிடும், நான் செம்பூர்ல எறங்கி, மாமாவையும் கூட்டிக்கிட்டு நேரா ஒம்ம வீட்டுக்குப் போயிருவேன்."

சனிக்கெழமை சொல்லலாம்னு இருந்தேன். அன்னைக்கு அவளுக்குத் தலைவலி. ஞாயித்துக்கெழமை காலையில சொல்லலாம்னா, மீன் வாங்கிட்டு வந்து சந்தோசமா இருந்தா. அப்புறம் சாப்ட்டோம். படுத்தா. மோட்டார் ஆரம்பிச்சுது. என் போன்ல பாய் மெசேஜ்: "சொல்லியாச்சா?" அஞ்சு நிமிசத்துல மாமா: "என்ன ஆச்சு?" திரும்பப் பாய், இந்தத் தடவை வெறும் கேள்விக்குறி மட்டும், பதினஞ்சு இருபது.

அவளை ஞாயித்துக்கெழமை தூக்கத்துல எழுப்பினவன் யாரும் நல்லா இருந்ததா வரலாறு இல்ல. நான் கீழ உக்காந்து தோளைத் தொட்டேன்.

"ம்?"

"எந்திரி."

"என்னங்க? கேஸ் அணைக்கலியா?"

"அணைச்சாச்சு. கட்டி திரும்ப வந்திருக்கு. அக்குள்ல."

எந்திரிச்சு உக்காந்தா. முடியை அள்ளி முடிஞ்சா. அழுவான்னு நெனச்சேன், அவ என் சட்டைப் பொத்தானைக் கழட்டி, கையைத் தூக்கச் சொல்லி, தொட்டுப் பாத்தா. ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு ஜொரம் பாக்குற மாதிரி.

"டாக்டர் எப்பச் சொன்னாங்க?"

"பதிமூணு நாளாச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

இதுதான் நான் பயந்த கேள்வி. "ரயில்ல."

"எப்ப?"

"வெள்ளிக்கெழமை."

"அப்பம் பாய்க்கும் மாமாவுக்கும் பெறவுதான் நானு." பரணைப் பாத்தா. "ஸ்டூலை எடுங்க."

நான் ஸ்டூலை எடுத்துட்டு வந்து புடிச்சேன். அவளே ஏறி ஃபைலை எறக்கினா, முந்தானையால தூசியைத் தொடைச்சா. ஸ்டூல்ல நின்னபடியே, "ரெண்டாவது தடவை கொழம்பு வேண்டாம்னு போன வாரம் எந்திரிச்சியளே, அப்பமே நான் கேட்டிருக்கணும்"னா. அப்புறந்தான் அழுதா. நான் ஸ்டூலை விடாமப் புடிச்சுக்கிட்டு நின்னேன், வேற என்ன செய்யணும்னு தெரியலை.

மவ ரூம்ல இருந்து வந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, "பப்பா, ஸீரியஸ்லி? ட்ரெயின் அங்கிள்ஸுக்கு மொதல்ல?"ன்னா. அவ அம்மா மாதிரியே, அவளுக்கும் அதுதான் குத்தமாப் பட்டுது.

திங்கக்கெழமை டாக்டரம்மா என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. எல்லாம் டீச்சருக்கும் டீச்சருக்கும் நடந்த மாதிரி அவங்க ரெண்டு பேருக்குள்ளதான். தினமும் காலையில ஒரே நேரத்துல நாலு கேப்ஸ்யூல். ரத்தம் நிக்காம வந்தாலோ, நெஞ்சு படபடன்னாலோ ஒடனே வரணும். கிரேப்ஃப்ரூட்னு ஒரு பழம் தின்னக்கூடாது. அந்தப் பழத்தை நான் கண்ணால பாத்ததில்ல, ஆனா வீட்டுக்கு வந்ததும் என் நார்த்தங்காய் ஊறுகாயைத் தூக்கி அடுத்த வீட்டுக்குக் குடுத்துட்டா. "அதுவும் இதுவும் ஒரே குடும்பமாத்தான் இருக்கும்"னா. எனக்கு அந்த நோய் வந்ததை விட இது அதிகமாத் தெரிஞ்சுது.

ஒரு சிக்கல். அவளுக்குக் காலை ஸ்கூலு, ஆறரைக்கே கெளம்பிருவா. நான் மாத்திரையை முழுங்கினேன்னு சொன்னா நம்புறதுக்கு அந்த வீட்ல ஆளே கெடையாது. மாமாவுக்குப் போன் போட்டா. ஸ்பீக்கர்ல.

"மாமா, வடாலா வந்ததும் மாத்திரை. உங்க கண்ணு முன்னால. பாய் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும்."

"ஆகட்டும்மா. நான் நின்னுண்டுதானே வரப்போறேன், நன்னா மேலேர்ந்து பாத்துக்கறேன்."

"நிக்கவும் வேண்டாம். இவியள நடக்கலாம், நிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வடாலா வந்தா எழுப்பி விட்டுட்டு நீங்க உக்காருங்க. ரெண்டு வருசம் நீங்க நின்னது போதும். முடியாத அன்னைக்கு நானே மெசேஜ் போடுவேன், அன்னைக்கு மட்டும் உக்காரட்டும்."

அந்தப் பக்கம் இருந்து "சரிம்மா"ன்னு மட்டும் வந்துச்சு.

மூணு வாரத்துல அக்குள்ல தொட்டா ஒண்ணும் தட்டுப்படலை. கையில மட்டும் ரயில் கூட்டத்துல இடிச்ச எடமெல்லாம் நீலம் நீலமாக் கன்னிப் போச்சு. "பப்பா, ஓவரா பழுத்த கேலா மாதிரி இருக்கே"ன்னா மவ, வாழப்பழத்தைத்தான் சொல்லுதா. தினமும் வடாலாவுல நாலு கேப்ஸ்யூல், ஒரு மடக்குத் தண்ணி, பாய் ஒரு போட்டோ. நான் எந்திரிப்பேன், மாமா உக்காருவாரு. சட்டம் சட்டமா ரெண்டு மாசம் நடந்துச்சு.

மூணாவது மாசம் ஒரு காலையில, யோசிச்சுப் பண்ணினது இல்ல, சுனாபட்டி தாண்டினதும் தானா என் கண்ணு மூடிக்கிட்டுது. வாய் லேசா தொறந்துக்கிட்டுது. வடாலா அறிவிப்பு கேக்குது. நான் அசையலை.

"டேய்."

மூச்சைக் கொஞ்சம் தட்டுப்பட விட்டேன்.

"பாய்!" மாமா போட்ட சத்தம் பொட்டி முழுக்கக் கேட்டுச்சு. "பாய், இவன் தேறிட்டான்!"

பாய் என் காலை மிதிச்சாரு. ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல மிதி.

வீட்லதான் இன்னும் மோட்டார் ஓடலை. ஞாயித்துக்கெழமை கொழம்பு உண்டு, பாய் விரிப்பு உண்டு, ஒரு மணி நேரம் அசையாமப் படுத்திருப்பா. எந்திரிச்சு, "நல்லாத் தூங்கிட்டேன்"னு சொல்லுவா. அவ யாருகிட்ட சொல்லுதா? மூச்சு அவ்வளவு சீரா இருக்கு, ஒரு தட்டு கெடையாது, வாய் இறுக்கி மூடியிருக்கு. கத்துக்குட்டி வேலை. எனக்காக நடிக்கான்னு தெரிஞ்சுது. அவளைச் சொல்லித் திருத்துற யோக்கியதை எனக்கு இல்லாததால நானும் சோஃபாவுல கண்ணை மூடி, தூங்குற மாதிரி கெடந்தேன். ரெண்டு பேரும் இப்படிப் பல ஞாயித்துக்கெழமை போயிருக்கோம்.

போன மாசம் ஸ்கேன் பாத்துட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டலை. "வேலை செய்யுது. செய்யிற வரைக்கும் இதையே சாப்பிடுங்க. நின்னுட்டா அடுத்தது பாக்கலாம்"னாங்க. எப்ப நிக்கும்னு நான் கேக்க வாயைத் தொறந்தேன், பக்கத்துல இருந்த என் பொண்டாட்டி என் முட்டியில கையை வெச்சா. கேக்கலை.

அந்த ஞாயித்துக்கெழமை சங்கரா மீனு. சாப்ட்டா, பாயை விரிச்சா, படுத்தா. நான் சோஃபாவுல ஒத்தக் கண்ணால பாத்துக்கிட்டிருந்தேன். கால் மணி நேரம் எல்லாம் சீரா, நாடகம் மாதிரியே போச்சு. அப்புறம் ஒரு மூச்சு தட்டுப்பட்டுச்சு. அடுத்தது இன்னும் கொஞ்சம். வாய் தானாத் தொறந்துச்சு. மவ ரூம்ல இருந்து எட்டிப் பாத்தா, நான் விரலை வாயில வெச்சுக் காட்டினேன்.

ஒரு மணி நேரம் முழுசா ஓடுச்சு. ரெண்டு தடவை எனக்கு இருமல் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

எந்திரிச்சதும் கேட்டேன், "நல்லாத் தூங்கினியா?"

"எங்க தூங்கினேன்? சும்மா கண்ண மூடிட்டுக் கெடந்தேன்"னா. "டீ போடட்டுமா?"